ஷாங்காய்க்குக் குழுக் கட்டணம்

இத்தாலியின் பிராத்தோ நகரத்தில் குடியேறிய, சீனாவின் வென்ஜோ ஊர்க்காரர்களின் நட்புறவு வளர்ச்சிப் பேரவையில் ஒரு தலைவர், ஓர் ஆயுட்காலக் கௌரவத் தலைவர், சில செயல் தலைவர்கள், ஏராளமான துணைத் தலைவர்கள் இருந்தார்கள். வெறும் உறுப்பினர் என்று யாராவது உண்டா என்பது யாருக்கும் தெரியாது. ஓர் ஆண்டுவிழாவில் எல்லோருமே முன்வரிசை நாற்காலிக்கு உரியவர்களாகிப் போனதால், குழுப்படத்தில் பின்னால் நிற்க ஆளில்லாமல் சமையல்காரருக்குக் கோட்டு மாட்டி நிறுத்தினார்களாம்.

யே சூசினின் கணவர் பான் திங்குவோ அந்தப் பேரவையின் துணைப் பொதுச்செயலாளர்களில் ஒருவர். பகலெல்லாம் சொந்தத் தையல் பட்டறையில் குனிந்து பெண்கள் சட்டைக்குக் காஜா எடுக்கிற மனிதருக்கு, மாலையில் கோட்டு மாட்டியதும் கழுத்தே நீண்டுவிடும்.

கோடை தொடங்கியபோது ஷாங்காயிலிருந்து சூசினின் தம்பி லியாங் அழைத்தான்.

"அம்மாவுக்கு ஒன்னுமில்லக்கா. லேசா மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரியில சும்மா வெச்சிருக்காங்க. நீ அவசரப்படாத. டிக்கெட் விலை இறங்கட்டும், அப்புறம் வா."

சூசின் அதை நம்பவில்லை. கடல் கடந்து போனவர்களிடம் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்கு அறுவை நடந்ததைத் தையல் பிரித்த பிறகுதான் சொன்னார்கள். "சித்தி கொஞ்சம் சோர்வா இருக்காங்க" என்று சேதி வந்தபோது சித்தியின் சாம்பலே ஆறிப் போயிருந்தது. 'ஒன்னுமில்ல' என்றால் ஏதோ இருக்கிறது. 'லேசா' என்றால் நிறையவே இருக்கிறது. 'அவசரப்படாத' என்று அவன் இதுவரை சொன்னதே இல்லை.

கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் எலீசா அன்றே கைபேசியில் துழாவினாள்.

"மிலான்லேருந்து நேரா போறது கழுத்தறுக்குதும்மா. ரோம்ல ஏறி இஸ்தான்புல்ல மாறினா பாதி விலைதான். ஆனா அங்க ஒரு பகல் பூரா பெஞ்சுல உக்காரணும். பெட்டிக்குத் தனிக் காசு, சோறும் தரமாட்டான்."

"நான் என்ன கல்யாண விருந்துக்கா போறேன்? போடுடீ."

"ரெண்டே சீட்டுதான் பாக்கின்னு காட்டுது."

"நம்ம துணி வியாபாரியும் அப்படித்தான் சொல்லுவான். நீ போடு."

அப்போதுதான் திங்குவோ கோட்டோடு உள்ளே வந்தார். "நிறுத்து, நிறுத்து! தலைவர்கிட்ட உன் பேரைச் சேத்தாச்சு."

விஷயம் இதுதான். ஷாங்காயில் வெளிநாடு வாழ் சீனர்களின் வணிக மாநாடு. பேரவையின் தூதுக்குழு போகிறது. பத்துப் பேர் சேர்ந்து போனால் விமானக் கம்பெனி குழுக் கட்டணம் தரும்; ஒருவர் குறைந்தாலும் தராது. பத்தாவது ஆளைத் தேடித் தலைவர் அலைந்துகொண்டிருந்தபோது சூசினின் அம்மா நோயில் விழுந்திருந்தார். திங்குவோவுக்கு இது வரமாகப் பட்டது.

"நேர் விமானம், உன் பெஞ்சு விலைக்கு! அதுவும் தலைவரே வாய் தொறந்து கேட்டாரு. இப்ப நீ தனியா டிக்கெட் போட்டா அவர் முகத்துல அறைஞ்ச மாதிரி ஆயிடும்."

"எப்ப கெளம்புறாங்க?"

"இதோ, அடுத்த மாசம் தொடக்கத்துல."

சூசின் எலீசாவைப் பார்த்தாள். எலீசா தோளைக் குலுக்கினாள். அந்த இருக்கையை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். போனால் போகட்டும் என்று, விலை இறங்கினால் சேதி அனுப்பும்படி மட்டும் அம்மாவின் கைபேசியில் ஏற்பாடு செய்துவைத்தாள் எலீசா.

தலைவர் ஹூ ஜென்பாங் மறுநாளே வீட்டுக்கு வந்தார். பொத்தான் மொத்த வியாபாரி. நேரில் பேசினாலும் மைக் முன்னால் நிற்பவர் மாதிரிதான் பேசுவார். சூசின் செய்த மீன் உருண்டை சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஷாங்காய் என்ன தூரமா தங்கச்சி? நான் ஒரே ஒரு போன் போட்டா விமானம் உன் வாசல்ல வந்து நிக்கும். பாஸ்போர்ட்டைக் குடு. பத்தும் ஒன்னா இருந்தாத்தான் ஒரு கௌரவம்."

பாஸ்போர்ட்டை ஏன் இவரிடம் தர வேண்டும் என்று சூசினுக்குத் தோன்றியது. ஆனால் கணவரின் கண் அதற்குள் அலமாரியைக் காட்டிவிட்டது. எடுத்துக் கொடுத்தாள். தலைவர் அதைக் கோட்டின் உள்பையில் போட்டுப் பதக்கத்தைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டார்.

அடுத்த மாதத் தொடக்கம் வந்தது. விமானம் வரவில்லை. ஷாங்காயில் பூச்செண்டு கொடுத்து வரவேற்க வேண்டிய அதிகாரி வெளியூர் போகிறாராம். அவருக்குக் கீழே இருப்பவர் வருகிறேன் என்றாராம். கீழே இருப்பவர் கையால் பூ வாங்கினால் பிராத்தோவின் மானம் என்னாவது? மாநாடு போனாலும் போகட்டும் என்று தலைவர் பயணத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

"பூவுக்காகவா?" என்றாள் சூசின்.

"பூவுக்காக இல்ல, மரியாதைக்காக" என்றார் திங்குவோ.

"எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க!"

"லேசாத்தானே வாங்குது? உன் தம்பியே சொன்னான்ல."

அவரும் அதே ஊர்க்காரர்தான். 'லேசா' என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் சொல்லின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்டில் பட்டறைகள் மூடின. ஊரே விடுமுறைக்குக் கிளம்ப, விமான விலைகள் ஆகாயத்தில் ஏறி நின்றன. எவ்வளவானாலும் சரி என்று சூசின் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டுவரச் சொன்னாள். திங்குவோ போய் வந்தார்.

"தலைவர் சங்கடப்படுறாரு. பத்துல ஒன்னு போனா மிச்சம் ஒன்பது பேருக்கும் விலை ஏறிடுமாம். எல்லாரும் உன்னைத்தான் பேசுவாங்களாம். கொஞ்சம் பொறுத்துக்கங்கறாரு. காத்திருந்தா விலை தானா இறங்குமாம்."

தானே போய் அவர் கடை வாசலில் நின்று கத்தியிருக்கலாம். ஒரு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாள். கடை ஷட்டரில் 'விடுமுறை' என்று அட்டை தொங்கியது. தலைவர் மலைப்பக்கம் காற்று வாங்கப் போயிருந்தார். பத்துப் பாஸ்போர்ட்டுகளும் அவர் கோட்டுப்பையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

லியாங் மறுபடி அழைத்தான். இந்த முறை அவன் 'ஒன்னுமில்ல' என்று சொல்லவில்லை. "அக்கா" என்றான். பிறகு அழ ஆரம்பித்தான்.

ஷாங்காய் இறுதிச்சடங்கு மண்டபத்தில் கடைசி மரியாதை நடந்த அன்று, பிராத்தோவில் விடிந்தும் விடியாமலும் சூசின் லியாங்கை வீடியோவில் அழைத்து, கைபேசியைச் சோயா சாஸ் குப்பியில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் எலீசா. கதவு தட்டப்பட்டது. மலையிலிருந்து இறங்கி, கறுப்புக் கோட்டில் தலைவர் ஹூ நின்றார். பின்னாலேயே திங்குவோ, அவருக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு.

"தங்கச்சி, மனசைத் தேத்திக்க. நான் இருக்கேன்." உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொண்டு, கைபேசியை எட்டிப் பார்த்தார். "அதோ, பெருசா தெரியுது பாரு மலர்வளையம், அது நம்முளுது! சேதி கேட்டதும் ஒரே போன். ஒரு மணி நேரத்துல பூக்கடைக்காரன் ஷாங்காய்ல கொண்டுபோய் நிறுத்திட்டான்."

ஆளுயரத்துக்கு மேலே இருந்தது. அதன் வெள்ளைப் பட்டையில் பேரவையின் முழுப்பெயர், தலைவரின் பெயர், பட்டங்கள், பழைய பட்டங்கள். இறந்தவரின் பெயருக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். மகள் பெயரில் லியாங் வைத்த சின்ன வளையம் அதன் பின்னால் எங்கோ இருந்தது. அம்மாவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காது மட்டும் தெரிந்தது.

"லியாங்" என்றாள் சூசின். "அந்தப் பெரிய வளையத்தைக் கொஞ்சம் நகர்த்துடா. அம்மா முகம் தெரியல."

திரையில் லியாங் அக்கம்பக்கம் பார்த்தான். "அக்கா, அது தலைவரோடது. முன்னாடி வெச்சாத்தான்..."

"நகர்த்துடா."

திங்குவோ இருமினார். தலைவர் தேநீரை ஊதினார். லியாங்கும் இன்னொருவரும் வளையத்தை இழுத்தார்கள். அம்மாவின் நெற்றி தெரிந்தது, பிறகு கண்கள். அதே நொடியில் திரையின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு சேதி வந்து விழுந்தது:

'நற்செய்தி! நீங்கள் காத்திருந்த ஷாங்காய் பயணத்தின் விலை குறைந்துள்ளது.'

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தங்கச்சி? காத்திருந்தா இறங்கும்னு நான் சொன்னேன்ல!"

சூசின் கையை நீட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு உள்பையைத் துழாவி, பத்துப் பாஸ்போர்ட்டுகளில் அவளுடையதைப் பிரித்தெடுத்துத் தந்தார்.

"எலீசா, இஸ்தான்புல் வழியா போடு. ஒரு ஆள்."

"சூசின்..." என்றார் திங்குவோ. "அப்ப குழுவுல ஒன்பதுதான் இருக்கும்."

"சமையல்காரருக்குக் கோட்டு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் சூசின்.

எலீசா அந்தச் சேதியை விரலால் தள்ளி விலக்கினாள். அதற்குள் அங்கே, மண்டபத்தில், அம்மாவின் படத்துக்கு முன்னால் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள்.