ஹிபாவின் முழுப் பெயர்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பூங்காவில் வெள்ளைக் கூடாரத்தின் கீழ் இருந்தவர்கள்:

நகராட்சியிலிருந்து லொரெய்ன். தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர். சோமாலியக் குழந்தைகள் இருபது. காங்கோக் குழந்தைகள் ஏழு. அங்கோலாவிலிருந்து போன மாதம்தான் வந்து சேர்ந்த இரட்டையர். சம்பூசாத் தட்டுகளோடு பெண்கள் பதினொரு பேர். டோமினோ மேசையை விட்டு நிழலுக்காக எழுந்து வந்த கிழவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் தீரியே. கூடாரத்தின் பின்பக்கம் தண்ணீர் பாட்டில் பெட்டியின் மேல் ஹோதன். அவளுடைய மகள் ஹிபா, ஆறு வயது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நான், ஸாஃபி.

மொத்தம் ஐம்பது. வருகைத் தாளில் நாற்பத்தொன்பது பெயர்கள்தான் உண்டு. ஹோதன் எந்தத் தாளிலும் பெயர் எழுதமாட்டாள்.

அவள் ஏன் எழுதமாட்டாள் என்று அந்த ஐம்பது பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு மாதமாக அவளும் குழந்தையும் என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். வேறு மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தில் இருக்கும் புருஷன் பஷீரிடமிருந்து ஓடிவந்தவள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கார்க் கதவில் வைத்து நசுக்கியிருக்கிறான். அதற்காகக்கூட அவள் ஓடவில்லை. குழந்தையின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சோமாலியாவில், கரோவேயில் இருக்கும் தன் தங்கையிடம் குழந்தையை விட்டுவிட்டு வர டிக்கெட் போட்டான். ஒரு வழி டிக்கெட். அதைப் பார்த்த அன்றே ஓடினாள்.

நான் இரவில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். நர்சிங் படிப்பை இரண்டாம் வருடம் விட்டேன். கோடையில் ஆறு வாரம் மட்டும் நகராட்சிக்கு மொழிபெயர்ப்பு வேலை. எங்கள் ஆட்கள் சீருடையைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறார்கள், நெருப்புப் பிடித்தால்கூட அவசர எண்ணுக்கு ஃபோன் செய்வதில்லை என்பது நகராட்சியின் கவலை. அதனால் சனிக்கிழமைதோறும் பூங்காவில் ஏதாவது இருக்கும். ஒரு வாரம் நீச்சல், ஒரு வாரம் சைக்கிள். அந்த வாரம் தீயணைப்பு வண்டி.

பெரிய மீசை வைத்த தீயணைப்பு வீரர் ஒரு போட்டி வைத்தார். தன் பெயரையும் வீட்டு முகவரியையும் தடுமாறாமல் சொல்லும் குழந்தைக்குச் சிவப்பு பிளாஸ்டிக் தொப்பி. ஆபத்து நேரத்தில் உதவும் என்றார். நான் சோமாலியில் சொன்னேன். காங்கோ அம்மா ஒருத்தி பிரெஞ்சில் சொன்னாள். குழந்தைகள் வரிசையில் நின்று, சொல்லி, தொப்பியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் முந்தின இரவு பத்து மணி நேரம் நின்றிருந்தேன். கண்ணைத் திறந்தபடியே பாதி தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

ஹிபாவின் முறை வந்தது. "ஹிபா" என்றாள்.

பின்னாலிருந்து தீரியே குரல் கொடுத்தார். "எந்த ஹிபா? இந்தத் தெருவுலயே எட்டு ஹிபா இருக்கு. யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

எங்களில் எந்தக் குழந்தையிடமும் யாரும் கேட்கும் கேள்வி அது. குழந்தை நிமிர்ந்து நிற்கும், சொல்லும். ஹிபாவும் நிமிர்ந்தாள்.

"ஹிபா பஷீர்."

"அப்புறம்?"

"ஹிபா பஷீர் கூலேத்."

கிழவர்கள் நால்வரும் முன்னால் வந்துவிட்டார்கள். அப்புறம், அப்புறம் என்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கினாள். ஹிபா பஷீர் கூலேத் எல்மி ரூப்லே வார்ஸமே ஷிர்வா ஃபாரஹ் ஹிர்ஸி சமதர். அப்பன், பாட்டன், பூட்டன் என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். நான் மைக்கை அவள் வாயருகே பிடித்தபடி இருந்தேன். பஷீர் என்ற இடத்திலேயே இழுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பிறகு அவள் முகவரியையும் சொன்னாள். எழுபத்திரண்டு, மேப்பிள் தெரு, மூன்றாவது மாடி. என் வீடு.

சிவப்புத் தொப்பி அவள் தலையில் ஏறியபோது தீரியே அழுதுகொண்டிருந்தார். கூலேத் அவருடைய பெரியப்பா எல்மியின் மகனாம். சின்ன வயதில் இருவரும் ஒரே ஒட்டகத்தின் பாலைக் குடித்தவர்களாம். உலகத்தின் இந்த மூலையில் தன் ரத்தத்தில் ஒரு பேத்தியைக் கண்டுவிட்டதாகக் கூடாரத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மசூதியில் அவர் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்ப் பெட்டியின் மேல் யாரும் இல்லை. ஹோதன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து குழந்தையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

நான்கு மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்கும்போது தீரியேயைத் தேடிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைக் காதில் வைத்திருந்தார்.

"பெரியப்பா, அந்தக் குழந்தையைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயாவதா? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர்கள் குலத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஐநூறு பேர். கரோவே, துபாய், நைரோபி, கொலம்பஸ். அதில் அவர் அனுப்பியிருந்த குரல் செய்தியைப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். நான்கு நிமிடம். குழந்தையின் அழகு, நாக்கின் சுத்தம், யார் மகனுக்கு யார் பேத்தி, எல்லாம் இருந்தது. கடைசியில் முகவரியும் இருந்தது. ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் போய்ப் பார்த்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். விரலைப் பற்றி, டிக்கெட்டைப் பற்றி, ஏழு மாதத்தைப் பற்றி.  அவருடைய மருதாணி போட்ட தாடி ஆடியது. ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இதை அழிக்க முடியுமாம்மா?"

அழித்தேன். இருநூற்றுப் பத்துப் பேர் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அதில் பஷீர் உண்டா என்று தீரியே கேட்டார். உண்டு. செய்தி போன மூன்றாவது நிமிடத்திலேயே கேட்டிருந்தான்.

வீட்டுக்குப் போனபோது ஹோதன் இரண்டு பைகளைக் கட்டி வைத்திருந்தாள். குழந்தை தொப்பியோடு சோபாவில் தூங்கியது. எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம்தான். அவளிடம் காட்டினேன்.

"அவன் பேரையே வாய்ல எடுக்கமாட்டேன்னு சொல்லுவியேக்கா. அப்புறம் எதுக்கு இதைச் சொல்லிக்குடுத்த?"

"வேற என்ன இருக்கு அவளுக்கு?" என்றாள். "வீடு இல்ல, ஊர் இல்ல. நாளைக்கு எவளாவது, இவ அப்பன் யாருன்னே தெரியாதுன்னு பேசிடக்கூடாதுல்ல. அவனை விட்டுட்டு அந்த வரிசையை எப்படிச் சொல்றது? முதப் பேரே அவன்தான்."

லொரெய்னுக்கு ஃபோன் செய்தேன். அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். போர்ட்லாந்தில் பெண்கள் தங்கும் இடத்தில் ஞாயிறு மதியம் ஒரு அறை காலியாகும். பன்னிரண்டு மணிக்குத் தானே காரில் வந்து அழைத்துப் போவதாகவும், திங்கள் காலை, அவன் நெருங்கக்கூடாது என்று உத்தரவு வாங்க, நீதிமன்றத்தில் கூடவே நிற்பதாகவும் சொன்னாள். அதுவரை ஒரு விடுதியில் அறை போடட்டுமா என்றும் கேட்டாள். ஹோதன் மறுத்துவிட்டாள். விடுதியில் காரை நிறுத்தினால் நாலடியில் கதவு. இங்கே மூன்று மாடி, அத்தனை படி, ஒவ்வொரு மாடியிலும் ஆள். கொலம்பஸிலிருந்து பதினைந்து மணி நேரம். அவன் யாரிடமாவது கார் கேட்டு, பெட்ரோல் போட்டுக் கிளம்ப வேண்டும். மதியத்துக்குள் வரமுடியாது என்று நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். அவன் லாரி ஓட்டுகிறவன் என்பதை, வாரக் கடைசியில் அவன் எந்த ஊரில் இருப்பான் என்று யாருக்கும் தெரியாது என்பதை, இருவருமே சொல்லாமல் விட்டோம்.

கிடங்குக்கு லீவு சொன்னேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குப் படியில் சத்தம் கேட்டது. மெதுவான கால். ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டல். மூன்றாம் மாடியில் நின்றது. ஹோதன் குழந்தையைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் உட்காரவைத்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நின்றேன்.

"ஸாஃபி, நான்தான். தீரியே."

நான் கதவைத் திறக்கவில்லை. அவர் அவனுடைய ஆள். அவனுடைய பெரியப்பா.

"அவன் எனக்கு ஃபோன் பண்ணான்மா. பாஸ்டன்ல சரக்கு இறக்கியிருக்கான். டோல்கேட்டைத் தாண்டிட்டானாம். என் வீட்டுக்கு வா, டீ குடிச்சுட்டுப் போலாம்னேன். சரிங்கறான். ஆனா வழி என் வீட்டுக்குக் கேக்கல, மேப்பிள் தெருவுக்குக் கேக்குறான்."

ஹோதன் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் தீரியே எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாளே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசினாள்.

"மாமா," என்றாள். "நான் உங்க வீட்டு மருமக. என் பொண்ணு உங்க பேத்தி. உங்ககிட்ட அடைக்கலம் கேக்குறேன்."

வெளியே ஊன்றுகோல் ஒரு முறை தரையில் தட்டியது. பிறகு, "கேட்டுட்ட இல்ல," என்றார். "கேட்டுட்டா முடிஞ்சுது. கதவைத் திற."

திறந்தாள். அவர் உள்ளே வந்தார், உட்காரவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் வெள்ளை அங்கியைப் போட்டிருந்தார். நான் அவசர எண்ணை அழைத்தேன். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எண்ணை முதல் தடவையாக நானே அழுத்தினேன். பெயர், முகவரி கேட்டார்கள். சொன்னேன். போலீஸ் வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பத்து நிமிடம் ஆகும், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றார்கள்.

கீழே கனமான ஒரு வண்டி பிரேக் அடிக்கும் சத்தம். கதவு ஒன்று திறந்து மூடியது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தெருவிலிருந்து இனிமையான ஒரு குரல் வந்தது.

"ஹிபா. ஹிபா கண்ணு. அப்பா வந்திருக்கேன்."

தொட்டிக்குள்ளிருந்து குழந்தை எழுந்துவிட்டாள். பெரியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லப் பழக்கியிருந்தோம். ஹோதன் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அந்த மடங்காத விரல் குழந்தையின் கன்னத்தில் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

தீரியே ஊன்றுகோலை எடுத்தார். கீழே போவதாகச் சொன்னார்.

"உங்களையும் தள்ளிட்டு வருவான் மாமா," என்றாள் ஹோதன், குழந்தையை விடாமல்.

"பெரியப்பனைப் படியில தள்ளினான்னா அந்த ஐநூறு பேரும் நாளைக்குக் கேப்பாங்க. அது அவனுக்குத் தெரியும்." சற்று யோசித்தார். "தெரிஞ்சும் தள்ளுவானோ என்னமோ. போலீஸ்காரன் எவ்வளவு நேரம்னான்?"

"பத்து நிமிஷம்," என்றேன்.

"பத்து நிமிஷம் நான் பேசமாட்டேனா? உன் அப்பா எப்படி இருக்கார், அம்மா எப்படி, தாய்மாமன் எப்படி, ஒட்டகம் எல்லாம் எப்படின்னு ஒண்ணொண்ணா விசாரிப்பேன். பெரியவன் நலம் விசாரிக்கையில நடுவுல எழுந்து போறவன் எங்க ஆள் இல்ல. பத்துத் தலைமுறை இருக்கு. எல்லாரையும் கேப்பேன்."

இப்படிச் சொன்னபோது சிரிக்க முயன்றார்.   

வாசலில் நின்று ஹோதனைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ. நான் போனதும் பூட்டு. நான் திரும்பி வந்து தட்டினாலும் திறக்காதே. என் குரல்ல, ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடுச்சு, திறம்மான்னு நானே சொன்னாலும் திறக்காதே. பக்கத்துல நின்னு அவன் என்னைச் சொல்ல வைப்பான். போலீஸ்காரன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

கீழ்க்கதவு தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு படியில் கால்கள், இரண்டிரண்டு படியாக.

தீரியே வெளியே போனார். மாடிப்படியின் திருப்பத்தில் கோலைக் குறுக்கே நீட்டி நின்றுகொண்டு, மசூதியில் எல்லோரும் பயப்படும் அந்த நீளமான குரலை எடுத்தார். "யாரது, கூலேத் மகனா? வாப்பா, வா. முதல்ல உங்கப்பா எப்படி இருக்கார்னு சொல்லு."

கீழே கால்கள் நின்றன.

ஹோதன் கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள். சங்கிலியை எடுத்து மாட்டினாள்.