இருபத்தொரு முடிச்சு

தங்கை நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, அந்த மூன்றாம் மாடி வீட்டில் தையல்காரி மட்டும் இருந்தாள். பத்தொன்பது வருஷம் இருவரும் சேர்ந்திருந்த வீடு. ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கிழிந்த விரிப்புகளுக்கு ஓரம் அடிப்பாள். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தங்கை விட்டுப்போன புத்தகங்களில் பழைய பாட்டுகளின் தொகுப்பு ஒன்று கிடந்தது. ஒரு பாட்டின் ஓரத்தில் தங்கை பென்சிலால் கோடு போட்டிருந்தாள். மொத்தம் பதினோரு வரி. சிற்றரசன் ஒருவனின் மகள் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மழைக்கு முந்தைய வானத்தின் நீலத்தில் உடை. கையைத் தூக்கினால் முழங்கைவரை வழியும் சட்டைக்கை. முதுகில் இருபத்தொரு முடிச்சு. தோழி ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். மகள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

"காதலனுக்காகக் காத்திருக்கா," என்று தங்கை முன்பு ஒருதரம் சொல்லியிருந்தாள்.

அந்த உடையைத் தைத்துப் பார்த்தால் என்ன என்று தையல்காரிக்குத் தோன்றியது.

பாட்டில் அளவா இருக்கும்? நூலகத்தில் போய்ப் பழைய காலத்து உடைகளின் படப் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தக் காலத்துத் தறி குறுகல். அதனால் துணியை வளைத்து வெட்டாமல், நீளத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, இடுப்புக்குக் கீழே முக்கோணங்கள் கொடுத்து விரித்திருந்தார்கள். அக்குளில் ஒரு சதுரத் துண்டு. கழித்துப்போட்ட விரிப்பில் முதலில் மாதிரி தைத்தாள். அக்குளில் பிடித்தது. பிரித்து, சதுரத்தை அரை அங்குலம் பெரிதாக்கியதும் கை தாராளமாக மேலே போயிற்று. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு அறையில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

நீலத் துணியைக் கிழித்துத் தந்த கடைக்காரர், "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

மெஷினைத் தொடவில்லை. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் கைத்தையல். முடிச்சுக்கு இரண்டாக நாற்பத்திரண்டு நாடாக்களையும் திரித்து முடித்த அன்று தங்கைக்குப் போன் செய்தாள்.

"போட்டுக்கிட்டு எங்கக்கா போகப் போற?" என்று சிரித்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கிழமை நானே வந்து கட்டி விடுறேன்," என்றாள் தங்கை.

ஞாயிறு காலை போன் வந்தது. "அவருக்கு உடம்பு முடியலக்கா. இன்னொரு நாள் பார்க்கலாம்." கல்யாணத்துக்குப் பிறகு, வருகிறேன் என்று சொல்லி வராமல் போவது இது மூன்றாவது தடவை.

தானே கட்டிப் பார்த்தாள். கழுத்துப் பக்கம் இரண்டு, இடுப்புப் பக்கம் நாலு எட்டின. நடுவில் இருந்த பதினைந்துக்கும் கை போகவே இல்லை. தோள்பட்டை விண்ணென்று வலித்ததுதான் மிச்சம். கடைசியில் முதுகில் துண்டைப் போர்த்திக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருப்பவள் பஸ் கண்டக்டர். ஒன்பது வருஷமாகத் தண்ணி வருதா, வரலையா என்பதைத் தவிர இருவரும் பேசியதில்லை.

கண்டக்டரம்மா யூனிஃபாரத்தில் வெளியே கிளம்பி நின்றாள். "என்னக்கா இது, ஆஸ்பத்திரி கவுன் மாதிரி பின்னாடி முடிச்சு!" என்றபடி மடமடவென்று கட்டினாள். ஒவ்வொன்றையும் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் இரட்டை முடிச்சாக இறுக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. வரட்டுமா, வண்டி எடுத்துருவாங்க," என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

தையல்காரி கண்ணாடி முன் நின்றாள். தோள் கச்சிதமாக இருந்தது. கையைத் தூக்கினாள், சட்டைக்கை முழங்கைவரை வழிந்தது. கால் மணி நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான், இதை எப்படிக் கழற்றுவது என்ற நினைப்பு வந்தது.

அந்தத் தொங்கும் சட்டைக்கையோடு அடுப்புப் பக்கம் போக முடியாது. சாய்ந்தால் முடிச்சுகள் முதுகில் குத்தின. நாற்காலி நுனியில், கதவுக்கு நேரே உட்கார்ந்தாள். படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள். இரண்டாம் மாடியோடு சத்தம் நின்றுவிட்டது. சட்டென்று எழுந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பாட்டை மறுபடி படித்தாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பொண்ணு காதலனுக்காக உட்காரலடி. அவிழ்த்துவிட தோழி வரணும்னு உட்கார்ந்திருக்கா. அதுவரைக்கும் அவளால படுக்கக்கூட முடியாது."

"கத்தரிய எடுத்து நாடாவ வெட்டிட்டுப் போயேன்க்கா."

"அஞ்சு மாசம் தைச்சிருக்கேன். வெட்டமாட்டேன்."

தங்கை சிரிக்கவில்லை. "நான் இப்பல்லாம் முன்னாடி பட்டன் வச்சதுதான் போடுறேன்," என்றாள். "இங்க யாரைக் கூப்பிடுறது?"

அந்தப் பக்கம் உள்ளேயிருந்து ஆண்குரல் ஒன்று கூப்பிட, தங்கை போனை வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்குக் கண்டக்டரம்மா வந்தாள். தான் இறுக்கியதைத் தானே அவிழ்க்க முடியாமல், "எந்தப் பாவி கட்டினா இதை!" என்று திட்டிக்கொண்டே கொண்டை ஊசியால் நெம்பினாள். அரை மணி நேரம் ஆயிற்று. "இனிமே போடுறதா இருந்தா என் லீவு நாள்ல போடுக்கா," என்றாள்.

உடையை மடித்து வைத்துவிட்டு, தையல்காரி மறுபடி தங்கையைக் கூப்பிட்டாள். "உனக்கு நாலு சட்டை தைக்கிறேன். முன்னாடி பட்டன் வச்சே. மார்பளவு சொல்லு."

அந்தப் பக்கம் அளவுநாடாவைத் தேடும் சத்தம். பிறகு, "முப்பத்திரண்டு."

கல்யாணமாகிப் போகும்போது முப்பத்தாறு. தையல்காரியின் பென்சில் அப்படியே நின்றது.

"சரியாப் பிடிச்சியா?"

"சரியாத்தான் பிடிச்சேன்."

"நானே வந்து அளக்காம துணியில கத்தரி வைக்கமாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அந்தப் பக்கம் தங்கை கதவைச் சாத்தும் சத்தம்.

"மத்தியானத்துக்கு மேல வாக்கா," என்றாள் மெதுவாக. "அப்ப அவர் தூங்கிட்டிருப்பார்."