ஜீப்பில் டீச்சருக்கு இடமில்லை

அனுசியா டீச்சரின் ஆறாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி வேலை பார்த்த அவர்கள் குடும்பங்கள் ஜூன் மாதம் மலையிலிருந்து இறங்கிப் போடியில் குடியேறின. மலையில் பிள்ளைகள் படித்தது மலையாளப் பள்ளியில். வீட்டில் தமிழ், வெளியில் இரண்டும் கலந்த பேச்சு. முதல் நாள் தமிழினி என்ற பெண் எழுந்து, "டீச்சரே, எனிக்கி வெள்ளம் வேணும்" என்றாள். அவள் கேட்டது தண்ணீர். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. அன்றோடு ஒன்பது வாயும் மூடிக்கொண்டன.

தலைமையாசிரியை மொக்கம்மாள் கெட்டவர் இல்லை. பொறுமைதான் கிடையாது.

"பொங்கல் லீவு வரைக்கும் பாப்பேன் அனுசியா. அதுக்குள்ள இதுக வாயத் தொறந்து வாசிக்கல, நாலாப்புல கொண்டு போய் உக்கார வச்சிருவேன். அங்கயாவது எழுத்துக் கூட்டிப் பழகட்டும்."

பதினோரு வயதுப் பிள்ளையை ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் ஒரு மாதம் வரும், பிறகு வராது. விடியற்காலையில் கூலியாள் ஏற்றும் ஜீப்பில் அம்மாவோடு ஏறித் தோட்டத்துக்குப் போய்விடும். அனுசியா இதை முன்பு பார்த்திருக்கிறாள். பாட்டுப் பாடிப் பார்த்தாள், படம் காட்டிப் பார்த்தாள், கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். மிட்டாயைத் தின்றார்கள். பேசவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்து மொழி ஆசிரியர்கள் கூடுவார்கள். பொன்னுமணி டீச்சரின் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி. அவர் கடையின் பின்கட்டில், காய் தரம் பிரிக்கும் கூடத்தில்தான் கூட்டம். ஆரம்பத்தில் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் செய்த பாடப் பொருளைக் காட்டினார்கள். சீனியர் ஆசிரியர் எந்தக் குப்பையைக் காட்டினாலும் கைதட்டு, போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவர் எதைக் கொண்டுவந்தாலும் கொட்டாவி. பொன்னுமணிக்கு எரிச்சல் வந்தது. ஏலக்காய் ஏலம் விடும் முறையைக் கொண்டுவந்தார். எல்லாம் சாம்பிள் பையில் வர வேண்டும், பைமேல் நம்பர் மட்டும். யாருடையது என்று கடைசி வரை சொல்லக் கூடாது. பிடித்திருந்தால், பதிலுக்கு என்ன தருவேன் என்று சொல்லிக் கேட்கலாம். காசு கிடையாது. பை யாருடையதோ அவர் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்.

அன்று அனுசியாவின் பை ஒன்பதாம் நம்பர். உள்ளே நெட்டில் எடுத்து அச்சடித்த பட அட்டைகள். யோகராஜ் சார் ஓர் அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த அணில நான் மூணு கூட்டமாப் பாக்குறேன். பாவம், வயசாயிருச்சு. ரிட்டையர்மெண்டு குடுத்துருவோம்."

கூடமே சிரித்தது. அனுசியாவும் சிரித்துவைத்தாள். பையை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நம்பர் பையில் ஒரு தகர மூடி, ஒரு ரப்பர் ஹாரன், நூலில் கோத்த முப்பது அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பயணியைப் பற்றி நான்கு வரி. கோழிக் கூடையோடு வருபவர், நேற்று ஜீப்பைத் தவறவிட்டவர், வளைவு வந்தால் வாந்தி எடுப்பவர். கூடவே ஒரு சீட்டு: 'பெஞ்சுதான் ஜீப். மூடிதான் ஸ்டியரிங். டிரைவர் இடமில்லை என்பார். அட்டையை வாசித்து, பேசியே ஏற வேண்டும்.'

அனுசியா சீட்டை மறுபடியும் வாசித்தாள்.

"நாப்பது கதை ஆடியோ தர்றேன்" என்றார் யோகராஜ்.

"என் பரமபதம். சொல்லெல்லாம் நானே எழுதுனது" என்றார் தமிழ்செல்வி டீச்சர்.

"ஒரு தரம்" என்றார் பொன்னுமணி, ஏலக்காய்த் தட்டைத் தட்டி. "ரெண்டு தரம்..."

"ஒரு சனிக்கிழமை" என்றாள் அனுசியா.

"என்னது?"

"எங்கிட்டப் பொருள் ஒண்ணும் இல்ல. இது யாரோடதோ, அவுக பள்ளிக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழம வந்து நான் பாடம் எடுக்குறேன்."

"ஆடியோவுக்கு டீ வாங்கிக் குடுக்க வேண்டாம், டீச்சருக்கு வாங்கணும்" என்றார் யோகராஜ்.

மூலையில் உட்கார்ந்திருந்த ராக்கையா எழுந்தார். மலைமேல் ஓராசிரியர் பள்ளிக்காரர்.

"பை என்னோடது. ஆடியோவ எங்கிட்டு சார் போட? கரண்டு பாதி நாளு இருக்காது. டீச்சரு வரட்டும். நாலு வருசமா எம் பிள்ளைக எம் மூஞ்சிய மட்டும்தான் பாக்குதுக. அதுகளுக்கும் சலிச்சுப் போச்சு, எனக்கும் சலிச்சுப் போச்சு."

திங்கட்கிழமை அனுசியா ஆறு பெஞ்சுகளை நீளவாக்கில் போட்டாள். தகர மூடியைக் கையில் பிடித்து முன்னால் உட்கார்ந்தாள். ஹாரனை அமுக்கினாள்.

"வாங்க, வணக்கம். நீங்க எங்க போகணும்?"

ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகம் ஒப்பிப்பதுபோல் பதில் சொல்லி ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பது பேரும் சுவரோரம் நின்றார்கள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை பாதி வகுப்பில் அனுசியாவுக்குத் தாங்கவில்லை. மூடியை மேசைமேல் வீசினாள்.

"என்னதான்டி வேணும் ஒங்களுக்கு?"

தமிழினியின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று அனுசியா நினைத்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஜீப்புல யாரும் எங்க போகணும்னு கேக்க மாட்டாக டீச்சரே. ஏறுனவுக எல்லாரும் தோட்டத்துக்குத்தான் போவாக. வணக்கமும் சொல்ல மாட்டாக. டிரைவர் வையத்தான் செய்வாரு."

ஆறு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. அனுசியா பிறந்து வளர்ந்ததே போடியில்தான். முப்பத்து நான்கு வருடமாக விடியற்காலை ஜீப் சத்தத்தில்தான் கண் விழிக்கிறாள். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. மூடியைத் தமிழினியிடம் நீட்டினாள்.

"வைய்யி, பாப்போம்."

தமிழினி உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள். ஹாரனை இரண்டு தரம் அமுக்கி, அங்கே இல்லாத ஒரு பயணியை விரட்டினாள்.

"ஏய் ராமுத்தாயி! ஒன் மூட்டைக்குத் தனியா ஒரு ஜீப்பு கொண்டாரவா? நீங்கிக்கோ! அங்கிட்டு நாலு பேரு நிக்கிறது தெரியல?"

சுவரோரம் நின்ற எட்டுப் பேரும் அட்டைகளைப் பிடுங்கினார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்கள், ஆனால் கத்தி வாசித்தார்கள். தெரியாத சொல்லை அனுசியாவிடம் ஓடி வந்து கேட்டார்கள். கோழிக் கூடைக்காரன் கூரையில் ஏறுவேன் என்றான். வாந்திக்காரிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. "வணக்கம், நான் போகலாமா?" என்று கேட்டவனைத் தமிழினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் ஐந்து நிமிடம் கழித்து, "சேச்சி, ஒரு காலு மட்டும் வச்சுக்கிறேன்" என்று கெஞ்சிய பிறகுதான் ஏற்றினாள்.

சாயங்காலம் அனுசியா ராக்கையாவுக்குப் போன் போட்டாள்.

"சார், பையில வச்ச சீட்டுல இன்னொண்ணு எழுதுங்க. டிரைவர் சீட்டுல டீச்சர் உக்காரக் கூடாது."

"அதயுமா எழுதணும்? இங்கிட்டெல்லாம் நம்மள அதுல உக்காரவே விட மாட்டானுக டீச்சர்."

"எங்கள மாதிரி கீழ இருக்குறவுகளுக்கு எழுதணும் சார். யோகராஜ் சாருக்கு மொதல்ல அனுப்புங்க."

வியாழக்கிழமை மூன்றாம் பீரியடில் சத்தம் அலுவலக அறை வரை கேட்டது. மொக்கம்மாள் வேகமாக வந்து வாசலில் நின்றார். டிரைவர் சீட்டில் இருந்த தமிழினி வந்தது யார் என்று பார்க்காமலே கத்தினாள்.

"லோடு ஃபுல்லு ஆத்தா! அடுத்த வண்டியில வா!"

வகுப்பு அப்படியே அடங்கியது. தமிழினி திரும்பிப் பார்த்தாள். மூடி கையிலிருந்து நழுவிற்று.

மொக்கம்மாள் இடுப்பில் கை வைத்தார்.

"அடுத்த வண்டி எத்தன மணிக்குடி?"

தமிழினி குனிந்து மூடியை எடுத்தாள். "அது... அது பஞ்சர்."

"பஞ்சரான வண்டிக்கு என்னை எதுக்குடி போகச் சொன்ன?"

"நாங்க போயி டயரு அனுப்புவோம்ல."

"அதுவரைக்கும் நான் ரோட்டுல காயவா? நகருடி. நின்னுக்கிட்டே வர்றேன்."

"நின்னா தல இடிக்கும் ஆத்தா. அட்டைய வாசிங்க மொதல்ல!" என்று பின்பெஞ்சிலிருந்து நிலவன் குரல் கொடுத்தான். அவனும் ஒன்பதில் ஒருவன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். மொக்கம்மாளுக்குக் கிடைத்தது வாந்தி எடுப்பவர் அட்டை. வாசித்துவிட்டு, ஜன்னலோரம் தராவிட்டால் டிரைவர் மடியில்தான் எடுப்பேன் என்றார். பெல் அடித்தது. ஒருவரும் இறங்கவில்லை.

வராந்தாவில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே மொக்கம்மாள் சொன்னார்.

"இதுகள நாலாப்புல விட்டா அந்த வகுப்பும் கெட்டுப் போகும். இங்கயே கெடக்கட்டும்."

இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"நாளைக்கு எத்தனாவது பீரியடு எடுக்குற?"