பஞ்சுக்கு நேர்ந்த மொட்டை

என் வீட்டுக்காரர் நடராசனுக்குத் தலைமுடிதான் சொத்து. ஐம்பது தாண்டியும் சட்டைப்பையில் சீப்பு, ஞாயிறு தவறாமல் தலைக்கு டை. கலைந்துவிடும் என்று ஹெல்மெட்டைக்கூடப் போடாமல் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவார். அதே மனுஷனுக்கு எங்கள் சடை நாய் பஞ்சுவின் முடி மட்டும் ஆகாது. “சோத்துல முடி, சட்டையில முடி, இந்தச் சனியனால ஒரே பேஜாரு” என்பார்.

தை மாதம் பஞ்சு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தான். டாக்டரே கையை விரித்துவிட்டார். பிழைத்தால் இவனுக்கு மொட்டை போட்டு முடியைக் காணிக்கை செலுத்துகிறேன் என்று மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டான்.

சித்திரை வெயிலில் அவனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்ததும், இதுதான் சமயம் என்று விக்கிரவாண்டியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். திண்டிவனத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கும் அஸ்வினி, அவன் முடியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“மொட்டை வாணாம்மா. இதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல்முடிதான் வெயில உள்ள உடாம தடுக்குது. வழிச்சா தோலு வெந்துடும். சில நாய்க்கு மறுபடி சரியா முளைக்கறதே இல்ல.”

“சாமிக்கு நேந்துக்கினது பாப்பா. நீ வழி.”

“மெஷின வைக்க மாட்டேம்மா. உள்ள சிக்கிக்கினு கீற செத்த முடிய வாரி எடுத்துடறேன். அதாலதான் சூடு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பாட்டுக்கு வாரினாள். தலையணைக்கு அடைக்கிற அளவு முடி வந்தது. பாதத்து இடுக்கில் மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டாள். பஞ்சு சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனால் உதிர்ந்த முடியைக் கொடுத்து முருகனை ஏமாற்றவா முடியும்? வாக்குத் தவறினால் நோய் திரும்பி வந்துவிடுமோ? பஞ்சுவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மயிலம் போகும் வழியெல்லாம் அழுதேன்.

மலையடிவாரத்தில் அவர் வண்டியை நிழலில் நிறுத்தினார்.

“புடிச்சிக்கினு இரு. தோ வர்றேன்.”

டீ குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒரு மொட்டைத்தலை சந்தனத்தோடு எங்களை நோக்கி வந்தது. பஞ்சு குரைத்தான். கிட்டே வந்து கையை நீட்டியதும் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டினான். அப்புறம்தான் எனக்கே அடையாளம் தெரிந்தது.

“இன்னாங்க இது?”

“இவன் பேரச் சொல்லி நான் குடுத்துட்டேன். எனக்கு மறுபடி முளைக்கும். இவனுக்கு முளைக்காதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே.”

கல்யாணத்தன்றுகூட இவரை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. அவர் பைக் கண்ணாடியிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் மாட்டிக்கொண்டார்.

“ஜல்தி ஏறு கிருஷ்ணவேணி. புள்ளைக்கு வெயில் தாங்காது.”