யார் எடுத்தாலும் தெளிவாக வரும்

கேமராப் பெட்டி கடைக்கு வந்த காலையில் அவள் இரண்டு தடவை கை கழுவினாள். முதல் தடவை சோப்புப் போட்டு. இரண்டாவது தடவை, அந்தச் சோப்பின் வழவழப்பு புதுக் கேமராவில் ஒட்டிவிடக் கூடாதே என்று வெறும் தண்ணீரில். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்துச் சிரித்தார். "என்ன, பச்சைக் குழந்தையத் தூக்கப் போறியா? பிரி குட்டி, பிரி." நாற்பதைத் தொடப்போகிற, வளர்ந்த பிள்ளைக்குத் தாயான ஒருத்தியைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் உரிமை இருந்தது. அந்தக் குரலில் கூப்பிட்டால் அவளும் ஓடிப்போய் நிற்பாள். நின்றுகொண்டுதான் இருந்தாள், இத்தனை வருஷமும்.

ஸ்டூடியோ அண்ணனுடையது. பேர் பலகை அவருடையது, ஆல்பம் அடுக்குவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் அவர். படம் எடுப்பது மட்டும் அவள். கடையில் அதுவரை இருந்தது ஆரம்ப ரகக் கேமரா. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கி, பழகி முடித்ததும் மாற்றிவிடுகிற ரகம். இவர்கள் மாற்றவில்லை. அதை வைத்துக்கொண்டே ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்து முடித்துவிட்டாள் மகராசி. பேட்டரி மூடி உடைந்து, கறுப்பு டேப்பு ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், படம் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்தப் பழைய லென்ஸ். முகம் எடுக்க அதை அடித்துக்கொள்ள வேறு லென்ஸ் கிடையாது. ஆனால் அது தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமென்றால் கேமராவுக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்க வேண்டும். ஆரம்ப ரகத்தில் அந்த மோட்டாரை வைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பித்தான் அவள் முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவருவாள். பொண்ணு நடந்து வந்தால் வளையமும் கூடவே நடக்கும். சாயங்காலம் கட்டைவிரல் மரத்துப்போயிருக்கும்.

மேல் ரகம் ஒன்று வாங்குங்கள் என்று அவள் அண்ணனிடம் கெஞ்சாத நாளில்லை. அவர் பிடி கொடுக்கவே மாட்டார். "ஓடுற வண்டிய ஏன் மாத்தணும்?" என்பார். ஒரு தடவை, கல்யாணப் பொண்ணைக் கட்டிக்கொண்டு அதன் அப்பா அழுத படம் மங்கலாகப் போய், அந்த வீட்டுக்காரர்கள் கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் போனபிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டாள். "எல்லாம் என் கையிலதாண்ணா ஓடுது. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா கடையே படுத்துரும். அந்தக் கேமராவ வாங்குங்க. அதுல மோட்டார் இருக்கு, இருட்டுலயும் பளிச்சுனு எடுக்கும். யார் எடுத்தாலும் தெளிவா வரும்ணா." அண்ணன் அன்றைக்கு மறுத்துப் பேசவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் வீட்டுக்குப் போய் விசில் அடிக்காத குறை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெட்டியைப் பிரித்தாள். கனமாக இருந்தது. கைக்குள் அடங்கி உட்கார்ந்தது. பழைய கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி இதில் மாட்டி, அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்து, பட்டனை லேசாக அழுத்தினாள். உள்ளே 'விர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். இத்தனை வருஷமாக அவள் விரலால் திருப்பிய அந்த வளையம் தானாகச் சுழன்று நின்றது. அண்ணனின் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "ஐயோ, அண்ணா!" என்றாள். கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தாலும் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. தேதி, நேரம் எல்லாம் சரிசெய்து, விளக்கப் புத்தகத்தில் படித்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் முதல் படம் எதை எடுக்கலாம் என்று மனசுக்குள் எடுத்துக்கூட முடித்துவிட்டாள்.

"மாப்ளே, இங்க வா" என்று அண்ணன் உள் அறையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை என்றால் அண்ணியின் தம்பி. செல்போன் கடை ஒன்றில் வேலை பார்த்தான், கடை மூடிவிட்டார்கள். அதிலிருந்து அக்கா வீட்டுச் சாப்பாடு, மாமா கடையில் எடுபிடி. கெட்டவன் என்று சொல்ல வாய் வராது. கல்யாண வீடுகளில் அவளுக்கு விளக்கு பிடிப்பான், வாய் நிறைய அக்கா அக்கா என்பான். அவன் வந்து நின்றதும் அண்ணன் அவள் கையிலிருந்து கேமராவை வாங்கினார். வாங்கி, அவன் கழுத்தில் மாட்டினார்.

"பெல்ட்ட கொஞ்சம் இறக்கிக்கோ. ஆங், இப்ப சரியா இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

"குட்டி, ஞாயித்துக்கிழமை இவன் எடுக்கட்டும். அதுக்குள்ள எந்த பட்டன் எதுக்குன்னு சொல்லிக் குடுத்துரு. நீதான் புக்கு பூரா கரைச்சுக் குடிச்சிருக்கியே."

"அப்ப நான்?"

"நீ லைட்ட பாத்துக்கோ. அதுவும் முக்கியம்தானே."

"ஏண்ணா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? யார் சொன்னா தப்புன்னு?" அண்ணன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீதானே சொன்ன, யார் எடுத்தாலும் தெளிவா வரும்னு? விரல் மரத்துப்போகுதுன்னு நீதானே அழுவ? இவன் ஆம்பளை, நாலு ஊர் போவான், ராத்திரி தங்கச் சொன்னா தங்குவான். இவனுக்கும் ஒரு பொழைப்பு வேணும். உன் அண்ணி முகத்த நான் தினம் பாக்க வேணாமா?" அப்புறம், பெரிய மனசு பண்ணுகிற குரலில், "பழைய கேமரா இனிமே உனக்கே உனக்கு. வச்சுக்கோ" என்றார்.

"லென்ஸ்?"

"அது இதுலயே இருக்கட்டும். நல்லா ஓடுதே."

அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் வேடிக்கை. யாரோ செருப்பால் அடித்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள். இது அவள் சொன்ன சொல்லையே எடுத்து, அழகாகத் துடைத்து, அவளிடமே நீட்டியதுபோல் இருந்தது. என்ன பதில் சொல்வாள்? பொய் சொன்னேன், யார் எடுத்தாலும் வராது, நான் எடுத்தால்தான் வரும் என்றா? வீட்டில் அவள் ஒருத்தருக்கு மனைவி, ஒருத்தனுக்கு அம்மா. அவள் சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேமரா கழுத்தில் தொங்கினால் மட்டும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று அவள் சொன்னால் தள்ளி நிற்பார். அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதைத்தான் அண்ணன் கழற்றி இன்னொருத்தன் கழுத்தில் மாட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்கு வந்த அண்ணி, "உன் கைவலிக்கு ஒரு விடிவு வந்துச்சு பாத்தியா" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திர மூடியைப் பார்த்தாள். ஆக, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசி முடித்த விஷயம்தான். அவளுக்கு மட்டும் தெரியாது. புருஷனிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால், "எங்கண்ணன் சொக்கத்தங்கம்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சியே" என்பான். அவன் அப்படிச் சொல்வதில் தப்பும் கிடையாது.

அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே ஒரு பட்டனை மாற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை அவன் மானம் கப்பலேறியிருக்கும். நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேமராவைத் தொட்டதும் அவளுக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சரியாகவே சொன்னாள். அவனும் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். அது வேறு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர், "என்ன, இன்னைக்கு நீங்க எடுக்கலியா?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்றாள். வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக வந்திருந்தாள். படம் எடுக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள், வம்புக்கு இழுப்பாள், கல்லும் சிரிக்கும். இன்றைக்கு அதெல்லாம் கிடையாது. அண்ணியின் தம்பி "எல்லாரும் இங்க பாருங்க, ஒன்னு, ரெண்டு, மூணு" என்றான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல் நின்றார்கள். படம் தெளிவாக வந்தது. ஒவ்வொரு படமும் தெளிவாக வந்தது.

பொண்ணு வீட்டார் மொத்தமாக மேடையில் ஏறினார்கள். முன்வரிசையில் பொண்ணின் மாமா, வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து முகம் சிவந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு அத்தைகள், ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் விறைத்துக்கொண்டு. முன்னால் ஒரு சின்னப் பெண் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கியது. மாப்பிள்ளை "ஒன்னு" என்றான். அவளால் முடியவில்லை.

"மாமா, வயித்த வெளிய விடுங்க! நீங்க மயக்கம் போட்டா தூக்குறதுக்கு இங்க ஆள் இல்ல. அத்தைங்க ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குவாங்களாம், கேட்டுட்டேன்!"

மேடையே குலுங்கியது. மாமாவின் வயிறு பொத்தென்று வெளியே வந்தது. அத்தைகள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அழப்போன குழந்தை பல் தெரியச் சிரித்தது. அத்தனை பேரும் விளக்குப் பக்கம், அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளை பட்டனை அழுத்திப் பிடித்தான். படபடவென்று படங்கள் விழுந்தன.

படங்களைப் பார்க்க அந்த வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்தபோது அவளும் இருந்தாள். பொண்ணின் அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "யாராவது ஒருத்தராவது கேமராவப் பாக்குறாங்களா பாருங்க! என்ன இயல்பா எடுத்திருக்காரு தம்பி! இந்த ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எப்படிப்பா பிடிச்ச?" என்றார்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அக்காதான் சார் என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டும். அவள் காத்திருந்தாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் பார்வையை இறக்கி, "தேங்க்ஸ் சார்" என்றான். அண்ணன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் தெரியும். அன்றைக்கு மண்டபத்தில், மேடைக்கு எதிரில் நின்று, மாமாவின் வயிற்றைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்தானே அவரும்.

அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டினார்கள். மறுநாள் காலை அவள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். கடை திறக்கவில்லை. தோள்பையில் டேப்பு ஒட்டிய பழைய கேமரா இருந்தது. கண்ணாடிக்கு நேர் எதிரே தெருவில் நின்று பார்த்தாள். மாமா, அத்தைகள், அந்தக் குழந்தை, அத்தனை பேரும் சிரித்தபடி அவளுக்கு இடப்பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இடப்பக்கமாக நகர்ந்து நின்றாள். அவர்கள் பார்வை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. இன்னும் நகர்ந்தாள், அதையும் தாண்டித்தான் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார். அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கண்ணாடியின் ஓரம் வரை, பக்கத்துக் கடையின் மூடிய கதவு வரை, ஒவ்வொரு அடியாக நகர்ந்துகொண்டே போனாள்.