அக்கா சொன்ன பதில்

லாரி ஓட்டும் தம்பிக்கு இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது.

அக்கா அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் இருபது வருடமாக இருப்பவள். இருவரையும் உட்காரவைத்து, இரத்தம் மேலும் உறையாமலிருக்க டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய மாத்திரை என்றால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை, அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைக்கவேண்டும், கீரை தின்பதில்கூடக் கவனம் வேண்டும். புதியதற்குப் பரிசோதனைத் தொல்லை இல்லை, இரத்தக்கசிவு பயமும் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு வேளையும் தவறக்கூடாது; தவறினால் காட்டிக்கொடுக்கப் பரிசோதனையும் இல்லை.

கீரைக்கட்டுக்குப் பயந்த முதல் டிரைவர் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்றான் தம்பி. மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் புரட்டிவிட்டு வந்திருந்த அக்காவுக்கும் புதியதுதான் சரியென்று பட்டது.

டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார். "வேளை தவறாம போடுவாரா?"

"போடுவான் டாக்டர். நான் பாத்துக்கறேன்."

சொல்லும்போதே உறுத்தியது. பல்வலிக்குத் தந்த ஐந்து நாள் மாத்திரையை இரண்டாம் நாளே தூக்கிப் போட்டவன் அவன். ஆனால் அவனைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு அலைய அவளுக்கும் தெம்பில்லை.

முதல் மாதம் தினமும் போன் செய்தாள். இரண்டாம் மாதம் அவன் எரிந்து விழுந்தான், விட்டுவிட்டாள். வீக்கமும் வடிந்திருந்தது. ஒரு நாள் சரக்கு இறக்கும் இடத்தில் மூச்சு முட்டிச் சரிந்தான். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது. பதினோரு நாளாக அவன் மாத்திரையைத் தொடவேயில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. லாரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். இவனுக்குப் பழைய மாத்திரையும் பரிசோதனையும்.

ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் அவள் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ, உன்னைப் பத்தித் தெரிஞ்சும் போடுவான்னு சொல்லிட்டேன்டா."

அவன் பஞ்சை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டான். "நானும் பக்கத்துலதானே இருந்தேன்க்கா. போடமாட்டேன்னு நான் சொல்லியிருக்கலாமே."

அவள் மனம் ஆறவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இருவரும் எழுந்தார்கள். மருத்துவமனையின் நீளமான தாழ்வாரத்தில் அவன் மெதுவாக நடந்தான்; அவனுக்குத் தெரியாதபடி அவளும் நடை வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.