யார் வைத்த சூப்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பேசியதெல்லாம் ஒரே வார்த்தைதான்: வேண்டாம். கஞ்சி வேண்டாம். ரொட்டி வேண்டாம். வேகவைத்த ஆப்பிளை மசித்துக் கொண்டுபோனால் அதைப் பார்த்ததுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். டாக்டர்கள் வயிற்றைத்தான் தைத்தார்கள், இவர் போகிற போக்கில் வாயையும் தைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை எடை பார்க்கப் போக வேண்டும். "இன்னும் எடை இறங்கினா திரும்ப அட்மிஷன்தான். மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் முடிந்தபோது ஏற்கெனவே ஒரு தடவை அந்த ட்யூபைப் போட்டிருந்தார்கள். இவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததில், கடைசியில் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை பார்க்க என் நெஞ்சில் தெம்பு இல்லை.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் எல்லாம் ஜனங்களை ஏற்றி இறக்கிவிட்ட மனுஷனுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சியைத் தொண்டைக்குக் கீழே இறக்கத் தெரியவில்லை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. நான் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்! நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த சூப் வை."

"எந்த சூப்?"

"கோழி சூப்தான். முழுசு முழுசா கோதுமை போட்டு, கீரை போட்டு."

"நான் எப்பங்க அப்படி ஒரு சூப் வெச்சேன்?"

"கல்யாணமான புதுசுல, அந்த ஒண்டுக்குடித்தன ரூம்ல. ரெண்டு பேரும் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தோமே. நீ எந்திரிச்சுப் போய் வெச்சியே. மறந்துட்டியா?"

கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் சாய்ந்து என் மடியெல்லாம் கொட்டியது. மறப்பதாவது! அந்த சூப்பை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அதை நான் வைக்கவில்லை. அதை வைத்தவர் இவர். நாற்பது வருஷமாக நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நீளமான ஒரு நடை, அதை ஒட்டி வரிசையாக மூன்று ரூம், கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அதுதான் அந்த வீடு. எங்கள் ரூமில் கட்டிலைப் போட்ட பிறகு ஒரு ஸ்டூலுக்குத்தான் இடம் மிச்சம். ஆனால் எனக்கு அப்போது அது அரண்மனை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்; அந்தச் சுவரில் சாயங்கால வெயில் விழுந்து ரூமுக்குள் மஞ்சளாகத் திரும்பி வரும். இவர் வேலையிலிருந்து வருகிற நேரம் அது. கிரீஸ் வாசனையோடு அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வந்து நிற்பார். எனக்குப் பேச வெட்கமாக இருக்கும். எனக்கு! இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்படி இருந்த நாளில்தான் மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. முதலில் அவர் படுத்தார், மறுநாள் நான். கதவைத் தாழ்போடக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. தாகம் தாங்காமல் நான் எழுந்து தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. குடித்த கையோடு ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன். கண் விழித்தபோது இவர் என் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூல்மேல் எங்கள் பாத்திரம், மூடியிலிருந்து ஆவி. டம்ளரை என் வாயில் வைத்து, "குடி" என்றார். அவர் கை அப்படி நடுங்கியது. கோதுமையும் பார்லியும் பல்லில் பட்டு மெத்தென்று வெடித்தன. கீரை பச்சை மாறாமல் மிதந்தது. இவ்வளவு காய்ச்சலில் எனக்காக எழுந்து போய்ச் சமைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர்தான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் அங்கே சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, சூப்பை வைத்துவிட்டு முடியாமல் விழுந்துவிட்டேன் என்று இவர் நினைத்திருக்கிறார்! அட கடவுளே.

நாற்பது வருஷத்தில் எப்படி இது வெளியே வராமல் போனது என்று கேட்பீர்கள். புருஷன் பொண்டாட்டிக்குள் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கமெல்லாம் எங்களுக்கு ஏது? மகள் வயிற்றில் இருந்தபோது ஒருநாள், "அந்த சூப் குடிக்கணும்போல இருக்குங்க" என்று நான் வாய்விட்டே சொன்னேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் பன் வாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தேன். பாவம், பிள்ளைத்தாய்ச்சியை அடுப்படிக்கு அனுப்பக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார்.

இதையெல்லாம் நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்க, ஒரு வாரமாகப் பேசாத மனுஷன் பேச ஆரம்பித்துவிட்டார். அதனால் நான் மூச்சுவிடவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? நான் ஒரு தடவை உன்னை விட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

"எப்போ?"

"நீ ஒர்க்‌ஷாப்புக்கே வந்து எல்லார் முன்னாடியும் என்னை நாறடிச்சியே, அந்த வாரம். வேற ஊர்ல வேலை இருக்குன்னு ஃபிரண்டு கூப்பிட்டான். பஸ்ஸுக்கு டிக்கெட்கூட எடுத்துட்டேன்."

"போகவேண்டியதுதானே?"

"எப்படிப் போறது? அவ்வளவு காய்ச்சல்ல எந்திரிச்சு எனக்காக சூப் வெச்சவ. வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்லன்னு நினைச்சேன். டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் ஒரு தடவை கிளம்பியவள்தான். என் அப்பா படுத்த படுக்கையாக இழுத்துக்கொண்டு கிடந்தபோது, கூட வாருங்கள் என்று கெஞ்சினேன். "லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ள ஆள் மாட்டியிருக்கு" என்று வேலைக்குப் போய்விட்டார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தார். காரியம் முடிந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது, நடுங்கிக்கொண்டே டம்ளரைப் பிடித்த அந்தக் கை கண்முன்னால் வந்து நின்றது. வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது என்ன சொல்வது? நான் வைக்கவில்லை என்றால், இவர் எந்தப் பொண்டாட்டிக்காக டிக்கெட்டைக் கிழித்தாரோ அந்தப் பொண்டாட்டி நான் இல்லை. சொன்னால் சூப்பும் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். திங்கட்கிழமை ட்யூப்தான். வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய் முழுக் கோதுமையும் பார்லியும் வாங்கி வந்தேன்.

கழுவி, தண்ணீர் ஊற்றி, மறுநாளைக்கு ஊறட்டும் என்று மூடிவைக்கும்போதுதான் என் கை அப்படியே நின்றது. உமி மட்டும் போன கோதுமை, இது லேசில் வேகாது. முந்தின நாளே ஊறப்போட வேண்டும். நாங்கள் இருவரும் அடித்துப்போட்ட மாதிரி கிடந்த அன்று யார் ஊறப்போட்டது?

கோடி ரூம் மில்லுக்காரம்மா. வேறு யார்? மாவு மில்லில் வேலை பார்த்தவள். சர்க்கரை வியாதி என்று சோற்றைத் தொடமாட்டாள், தினமும் சமையலறை ஜன்னலில் கோதுமையும் பார்லியும் ஊறிக்கொண்டிருக்கும். பின்பக்கம் பெயிண்ட் டப்பாக்களில் கீரை போட்டிருந்தாள். கோழி வளர்த்தாள். எங்களுக்கும் அவளுக்கும் துணி காயப்போடுகிற கொடியால் தினமும் சண்டை. பொதுச் சமையலறையில் கிடந்த எங்கள் பாத்திரத்திலேயே ஊற்றி, தாழ்போடாத கதவைத் தள்ளி, ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை? மூச்! அடுத்த வாரமே கொடிக்காக என்னோடு மல்லுக்கு நின்றாள்.

சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மகராசி என்று முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் உடம்பு சிலிர்த்துப்போனது. அவள் சொல்லியிருந்தால் இவர் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோழிக்கடைக்குப் போனேன். "சூப்புக்கா? முட்டை போட்டு ஓய்ஞ்ச கோழியா வாங்கிக்கங்கக்கா. வேக நேரமாகும், ஆனா சாறு இறங்கும்" என்றார் கடைக்காரர். எலும்போடு வெட்டி வாங்கி, குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றினேன். நுரை பொங்கப் பொங்க எடுத்துக்கொண்டே இருந்தேன். வெங்காயம், தட்டின பூண்டு, இஞ்சி, முழு மிளகு. சாறு தெளிந்த பிறகு கோதுமையும் பார்லியும். பிறகு தீயைக் குறைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக்குக் காலரை மாற்றி வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தப்பாகவே தைத்தேன். கோதுமை வாய் பிளந்ததும் கறியை எடுத்து எலும்பை நீக்கி, பிய்த்துப் போட்டேன். கடைசியில் நறுக்கின கீரை. மூடவில்லை, மூடினால் கறுத்துப்போகும். வீடு முழுக்க அந்த ரூமின் வாசனை வந்துவிட்டது. மஞ்சள் வெளிச்சம்கூட வந்து நிற்கும்போல இருந்தது. எனக்கு ஏக்கமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்து.

தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தேன். கிண்ணத்தை வாங்கினார். முகர்ந்தார். ஒரு ஸ்பூன் வாயில் வைத்து மெதுவாக மென்றார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது.

"இது அது இல்ல" என்றார்.

"என்னங்க?"

"இது வேற கை. அன்னைக்கு வெச்ச கை இல்ல."

அவ்வளவுதான். மறைக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து பிடித்துவைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது.

"ஆமாங்க, வேற கைதான்! அன்னைக்கு நான் வைக்கல! நீங்கதான் வெச்சீங்கன்னு நான் நாப்பது வருஷமா நம்பிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கையிலதான் பஸ் ஸ்டாப்ல இருந்து பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வந்தேன். எங்கப்பா சாகும்போது வராதவரை விட்டுட்டுப் போகாம! நீங்களும் வைக்கல, நானும் வைக்கல. வெச்சவ அந்த மில்லுக்காரம்மா! அவ வெச்ச சூப்புக்கு நாம ரெண்டு பேரும் குடும்பம் நடத்தியிருக்கோம்!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். துணிக்கொடி, பன், லிஃப்ட், ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு தடவை சிரிப்பு வந்து, தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்னும் கோபம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலிடம் கத்தினேன்.

கத்தி ஓய்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. திரும்பாமலே கேட்டேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த பஸ்ல ஏறியிருப்பீங்கதானே?"

யோசித்தார். ஒப்புக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாது இவருக்கு.

"ஏறியிருப்பேன்."

"நானும் போயிருப்பேன். திரும்பியே பாத்திருக்க மாட்டேன்."

"தெரியும். உன் ரோஷம் எனக்குத் தெரியாதா?"

"சரி, இப்போ?"

"இப்போ என்ன?"

"இப்பதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். காலிக் கிண்ணம். ஒரு பருக்கை கோதுமைகூட ஒட்டியிருக்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் மனுஷன் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. கீரையை அள்ளிப் போடு. உப்பு பத்தல, கொண்டா" என்றார்.

நான் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

"அழுது முடிச்சுட்டு ஊத்துவியா, இல்ல நானே எந்திரிச்சுப் போய் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.